ஹைரூலில் எரிந்த கட்சி, எரியாத கட்சி

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வீடியோ கேம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "செல்டா கதை ஓரிடத்தில் மூன்றாகக் கிளை பிரிகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சும்மா போகிற போக்கில் எழுதிய வரி. அதற்கு வந்த கடிதங்களையும் வட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால் தேயிலை விலையைப் பற்றி எழுதியபோதுகூட இவ்வளவு வரவில்லை. அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் அதற்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, மூன்றாகப் பிரிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கே பிரிகிறது, யார் பிரித்தது? எங்கள் வகுப்பில் இதற்காக இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.
– ஏ.எல். மாணவன், தலவாக்கலை

தம்பி, முதலில் செல்டாவே தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 'த லெஜண்ட் ஒஃப் செல்டா' என்பது ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி 1986 பெப்ரவரியில் தொடங்கிய கேம் வரிசை. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஆரம்பித்து வைத்தார்கள். ஹைரூல் என்று ஒரு நாடு, செல்டா என்று ஒரு இளவரசி, லிங்க் என்று பச்சைச் சட்டை போட்ட ஒரு பொடியன், கனன் என்று ஒரு வில்லன். பெரும்பாலான கேம்களில் இதே பெயர்கள், ஆனால் ஆட்கள் வேறு வேறு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி, காலம் கெடுகிற போதெல்லாம் ஒரு லிங்க் பிறக்கிறான். அதனால்தான் இவன் எந்த லிங்க், யாருக்கு முந்தியவன், யாருக்குப் பிந்தியவன் என்ற கணக்கே வருகிறது.

கணக்கைச் சிக்கலாக்கியது கேம் செய்தவர்கள்தான். அவர்கள் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தார்கள். 1991இல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்' 1986 கேமுக்கு முந்திய கதை. 1998இல் வந்த 'ஒக்கரினா ஒஃப் டைம்' அதற்கும் முந்தியது. 2011இல் வந்த 'ஸ்கைவர்ட் சோர்ட்' எல்லாவற்றுக்கும் முந்தியது. பேரன் பிறந்து ஊரில் பேரும் வாங்கிய பிறகு, அவனுக்குத் தாத்தாவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கதை.

கிளை பிரிகிற இடம் ஒக்கரினா. பொடியன் லிங்க் மாஸ்டர் வாளை உருவுகிறான், ஏழு வருஷம் தூங்கி வாலிபனாக எழும்புகிறான், அதற்குள் கனன்டோர்ஃப் – கனனின் மனித உருவம் – நாட்டைப் பிடித்துவிட்டான். கடைசிச் சண்டையில் கனனைச் சிறைப்படுத்துகிறார்கள். அப்புறம் செல்டா ஒக்கரினாவை – வாயால் ஊதுகிற ஒரு சின்னக் குழல் அது – வாசித்து, "நீ இழந்த ஏழு வருஷத்தைப் போய் வாழ்ந்துகொள்" என்கிற மாதிரி லிங்கை மறுபடியும் சிறுபிள்ளையாக்கி அனுப்பிவிடுகிறாள். பெயர்கள் ஓடும்போது திரையைக் கவனித்தீர்களா? லொன் லொன் பண்ணையில் நெருப்பு மூட்டி எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், லிங்க் மட்டும் அங்கே இல்லை. ஒரு ஓரத்தில் லிங்கின் ஊர்ப் பொடியன் மீடோவும் மீன் மனிதர்களின் அரசன் சோரா ராஜாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியில் சின்ன லிங்க் அரண்மனை முற்றத்தில் சின்னச் செல்டாவைப் பார்க்கிறான். ஆக, அவன் விட்டுவிட்டுப் போன உலகம் ஒன்று, போய்ச் சேர்ந்த உலகம் ஒன்று. இந்த இரண்டையும் கேமே காட்டிவிட்டது.

விட்டுவிட்டுப் போன உலகத்தில் கனன் திரும்ப வருகிறான், ஜனங்கள் வீரனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், வீரன் வரவில்லை, தெய்வங்கள் நாட்டையே கடலில் மூழ்கடித்துவிடுகின்றன. அதுதான் 2002 டிசம்பரில் ஜப்பானில் வந்த 'விண்ட் வேக்கர்'. போய்ச் சேர்ந்த உலகத்தின் தொடர்ச்சி 'மஜோராஸ் மாஸ்க்' (2000), பிறகு 'ட்வைலைட் பிரின்சஸ்' (2006). விண்ட் வேக்கர் வந்த சமயத்திலேயே அதன் இயக்குநர் எய்ஜி அவோனுமா, ஒக்கரினாவுக்கு ஒரு வகையில் இரண்டு முடிவுகள் உண்டு, இது பெரிய லிங்கின் முடிவுக்குப் பின்னால் நடப்பது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது கிளை கேமில் இல்லை. அது 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற புத்தகத்தில் வந்தது. கடைசிச் சண்டையில் லிங்க் தோற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அந்தக் கிளை. உங்கள் வகுப்பில் பேசாமல் இருக்கிற இரண்டு பேரும் இதற்காகத்தான் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லிங்க் தோற்றால் ஒரு கிளை என்றால், நான் விளையாடும்போது நூறு தடவை செத்திருக்கிறேன். நூறு கிளையா?
– தனியார் வகுப்பு ஆசிரியர், பண்டாரவளை

சேர், உங்கள் நூறு எனக்குப் போதாது. எனக்கு இருபது வயதில் கொழும்பிலிருந்த மச்சான் ஒரு பழைய நின்டெண்டோ 64ஐ எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். பகலில் அப்பா செய்தி பார்ப்பார் என்பதால் இராத்திரியில்தான் ஆட முடியும். அடைமழைக் காலம். கடைசிச் சண்டைக்கு வந்துவிட்டேன். சுற்றிலும் நெருப்பு வளையம், கனன் ஒரே தட்டில் வாளை வளையத்துக்கு வெளியே எறிந்துவிட்டான், நான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அவன் வாலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன், கரண்ட் போய்விட்டது. லயம் முழுக்க இருட்டு. அம்மா உள்ளேயிருந்து "நல்லதாப் போச்சு, படு" என்றார். அந்த லிங்க் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அவனுக்கு எந்தக் கிளை? புத்தகம் எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்க வேண்டும்.

சரி, நியாயமாகச் சொன்னால் புத்தகம் எல்லாத் தோல்வியையும் சொல்லவில்லை. கனனுடனான கடைசிச் சண்டையில் தோற்பதை மட்டும்தான் சொல்கிறது. அப்படித் தோற்றதும் ட்ரைஃபோர்ஸ் என்கிற, நினைத்ததை நடத்திவைக்கும் தெய்வ முக்கோணம் முழுவதும் கனன் கைக்குப் போகிறது, ஞானிகள் வேறு வழியில்லாமல் அவனை அப்படியே வைத்து முத்திரையிட்டு விடுகிறார்கள்.

இதை எதற்கு உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். 1991 கேமின் பழங்கதையில் ஒரு போர் வருகிறது. அதில் கனன் முழு முக்கோணத்தையும் எடுத்துவிட்டான், வாளைப் பிடிக்க வீரன் கிடைக்கவில்லை, ஏழு ஞானிகள் அவனை அடைத்தார்கள் என்று இருக்கிறது. ஒக்கரினாவிலோ வீரனும் இருக்கிறான், முக்கோணமும் மூன்றாக உடைந்து கிடக்கிறது. ஆக, லிங்க் ஜெயித்த இரண்டு கிளையிலும் பழைய கேம்கள் பொருந்தவில்லை. 1986, 1987, 1991 – வரிசையைத் தூக்கி நிறுத்திய மூத்தவர்கள் – தங்க இடமில்லாமல் நின்றார்கள். நம்முடைய லயத்தில் மகனுக்குக் கல்யாணமாகி ஒரே காம்பராவில் இடம் போதாமல் போனால் என்ன செய்வோம்? வாசல் பக்கம் தகரத்தில் சாய்ப்பு இறக்கி, அப்பா அம்மாவை அங்கே படுக்க வைப்போம். மூன்றாவது கிளை அந்தச் சாய்ப்பு. மழை ஒழுகாது, ஆனால் வீட்டோடு சேர்த்துக் கட்டியதில்லை என்று பார்த்தாலே தெரியும்.

என் கட்சி இதுதான், மறைக்கவில்லை: முதல் இரண்டு கிளையும் கதைக்குள்ளிருந்து முளைத்தவை, மூன்றாவது ஒட்டியது.

விண்ட் வேக்கரில் கடலுக்கடியில் அரண்மனை இருக்கிறதாம். "அது நம்ம பழைய மஸ்கெலியா மாதிரி அம்மா" என்கிறான் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன். சின்னப் பிள்ளைப் பேச்சா?
– ஆசிரியை, மஸ்கெலியா

அதைவிட நல்ல உதாரணத்தை நான் எங்கும் வாசித்ததில்லை, அக்கா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா பட்டணம் தண்ணீருக்குள் போனது, ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். மழை பொய்த்துத் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேறு பூசிக்கொண்டு வெளியே வரும். ஜனங்கள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

கேமில் லிங்க் கீழே இறங்குகிறபோது ஹைரூல் அரண்மனை கறுப்பு வெள்ளையில் உறைந்து கிடக்கும். வாள் ஓங்கியவன் ஓங்கியபடியே நிற்பான். மாஸ்டர் வாளை உருவினதும் நிறம் திரும்பி வரும், உறைந்து நின்ற பூதங்களும் நகர ஆரம்பிக்கும். மேலே தீவுகளில் வாழ்கிற பிள்ளைகளுக்குக் கீழே ஒரு நாடு இருந்ததே தெரியாது, திருவிழாக் கதையாக மட்டும் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறான். அவனைக் கணக்குப் பாடத்துக்கு விரட்டுவதற்கு முன் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள்.

புயல் பாட்டை இயற்றியது யார்?
– ஹட்டன் (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

ஒரே வரிக் கேள்வி, ஆனால் இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஒக்கரினாவில் பெரிய லிங்க் ககரிக்கோ ஊரிலுள்ள காற்றாலைக்குள் போனால், உள்ளே ஒருவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு கடும் கோபத்தில் நிற்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொடியன் ஒக்கரினாவோடு வந்து ஒரு விசித்திரப் பாட்டை வாசித்து என் காற்றாலையைக் கெடுத்துவிட்டான், அந்தப் பாட்டை நான் மறக்கவே மாட்டேன் என்பார். சொல்லிவிட்டு அந்தப் பாட்டை லிங்குக்கே கற்றுக்கொடுப்பார். லிங்க் ஏழு வருஷம் பின்னால் போய், சின்னப் பிள்ளையாக அதே காற்றாலையில் அதே பாட்டை வாசிப்பான். காற்றாலை தாறுமாறாகச் சுற்றும், ஊர்க் கிணறு வற்றும், கிணற்றுக்குள் இறங்க வழி கிடைக்கும். சரி, லிங்க் அவரிடம் கற்றான், அவர் லிங்கிடம் கேட்டார். இயற்றியவர் யார்? ஒருவருமில்லை. பாட்டு வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பாயியிடம் ஒரு தாலாட்டை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் "உங்க அத்தைகிட்டக் கேட்டுக்கிட்டேன்" என்பார், அத்தையிடம் கேட்டால் "உங்க அப்பாயி பாடினதுதானே" என்பார், அந்த மாதிரி.

இது வெறும் வேடிக்கை என்று விட்டுவிட முடியாது, கிளைக் கட்சிக்காரர்களுக்கு உண்மையான தலைவலி இங்கேதான். பின்னோக்கிப் போகிற ஒவ்வொரு தடவையும் புதுக் கிளை உண்டாகும் என்றால், சின்ன லிங்க் கெடுத்த காற்றாலை வேறு உலகத்துக் காற்றாலையாக இருக்க வேண்டும். பெரிய லிங்க் பார்த்தவருக்குக் கோபம் வந்திருக்கக் கூடாது. மந்திர அவரையும் அப்படித்தான். சின்ன வயதில் குழியில் விதை போட்டால், ஏழு வருஷம் கழித்து அதே குழியில் செடி நின்று லிங்கை ஏற்றிக்கொண்டு பறக்கும். அப்படியானால் கேமின் பெரும்பகுதியில் காலம் ஒரே கோடு. முன்னும் பின்னும் நடக்கலாம், பிரியாது. கடைசியில் செல்டா அனுப்புகிறபோது மட்டும் பிரிகிறது.

ரசிகர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள், மோசமில்லை. கேமிலேயே ஷீக் என்ற பாத்திரம், மாஸ்டர் வாள் காலம் என்ற ஆற்றில் மேலும் கீழும் போக உதவும் ஓடம் என்கிற கருத்தில் பேசுவார். ஓடத்தில் போனால் ஒரே ஆறு. செல்டா அனுப்பியதோ ஓடத்தில் இல்லை, அவள் ஆற்றையே வெட்டித் திருப்பிவிட்டாள் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு: நடுவில் வருகிற வளையம் புதிருக்காகச் செய்தது, கடைசியில் வருகிற பிரிவு மனசுக்காகச் செய்தது. ஒரே கேமில் இரண்டு விதி இருப்பதை 1998இல் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கவலைப்பட்டது நாம்தான், வீட்டில் உட்கார்ந்து.

புத்தகம் கம்பனி வெளியிட்டது. கம்பனி சொன்னால் அதுதான் சட்டம். ஏன் மறுபடியும் கிளறுகிறீர்கள்?
– அரச ஊழியர், நுவரெலியா

கம்பனியே தன் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது ஐயா. 2011 புத்தகத்தில் 'ஒரக்கிள்' ஜோடிக் கேம்கள் முன்னால், 'லிங்க்ஸ் அவேக்கனிங்' பின்னால். பிறகு வந்த என்சைக்ளோப்பீடியாவில் இடம் மாற்றிவிட்டார்கள். ஹைரூல் ஹிஸ்டோரியாவே, வரலாறு மாறக்கூடும் என்ற தொனியில்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நான் சாட்சியை இப்படி எடுப்பேன்: திரையில் நடந்தது முதலில், செய்தவர்கள் பேட்டியில் சொன்னது அடுத்து, புத்தகம் அதற்கு அப்புறம். நம்முடைய யூகம் திண்ணையில்.

மகன் சமையலறைக்கு வந்து கல்லுப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டி "இதுதான் அம்மா ஆதாரம்" என்கிறான். என்ன ஆதாரம்? எனக்குச் சாம்பார் இறக்க வேண்டும்.
– இல்லத்தரசி, பதுளை

அம்மா, சாம்பாரை இறக்கிவிட்டு வாசியுங்கள்.

2017இல் வந்த 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்' கேமை எந்தக் கிளையில் வைப்பது என்று பெரிய சண்டை. கம்பனி அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக வைத்ததே தவிர, எந்தக் கிளையின் கடைசி என்று சொல்லவில்லை. அந்தக் கேமில் பாறையை உடைத்தால் உப்பு கிடைக்கும். சமையலுக்குப் போடுகிற சாமான். அதன் விளக்கத்தில் 'பழங்காலக் கடலின் உப்பு' என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான், ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள்: பழங்காலக் கடலா? ஹைரூலைக் கடல் மூடியது விண்ட் வேக்கர் கிளையில்! மரப்பொம்மை மாதிரியான கோரோக்குகள் முதலில் வந்தது விண்ட் வேக்கரில், இங்கேயும் இருக்கின்றன. பறவை மனிதர்களான ரீட்டோக்களும் அப்படியே. ஆகவே கடல் வற்றிய பிறகு நடப்பதுதான் இந்தக் கேம்.

உங்கள் மகனிடம் முதலில் ஒரு திருத்தம் சொல்லுங்கள். உங்கள் டப்பாவில் இருக்கிற கல்லுப்பு புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ உப்பளத்தில் விளைந்தது, இன்றைய கடலின் உப்பு. பாறையில் வெட்டி எடுக்கிறதற்குத் தமிழில் இந்துப்பு என்று பெயர், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பாகிஸ்தானில் கேவ்ரா என்ற இடத்தில் சுரங்கமே இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் வற்றிப்போன கடல் விட்டுப்போன உப்பு அது. அதை வைத்துக்கொண்டு அங்கே மனிதர் வாழ்ந்த நாடு ஒன்று மூழ்கியது என்று யாரும் வாதாடுவதில்லை. எங்கே பாறையுப்பு இருந்தாலும் என்றைக்கோ அங்கே உப்புத் தண்ணீர் நின்றிருக்கும். உப்பு சாட்சி சொல்கிறது, ஆனால் "கடல் இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எந்தக் கடல் என்று கேட்டால் வாயைத் திறக்காது.

இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. விண்ட் வேக்கரின்படி சோரா என்ற மீன் மனிதர்களின் சந்ததிதான் ரீட்டோ. ப்ரெத் ஒஃப் த வைல்டில் இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. கொஞ்சப் பேர் மட்டும் மாறினார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மலையில் பறக்க ஒரு கூட்டமும் ஆற்றில் நீந்த ஒரு கூட்டமும் கேமுக்குத் தேவைப்பட்டது, அதனால் வைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்று கிளையும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது என்கிறார்களே?
– அப்புத்தளை

எல்லாக் கிளையின் அடையாளமும் ப்ரெத் ஒஃப் த வைல்ட் என்ற ஒரே கேமில் இருப்பதால் வந்த யூகம். இதற்கு வேறொரு வரிசையில் முன்னுதாரணம் உண்டு. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 1996இல் வந்த 'டாகர்ஃபோல்' கேமுக்குப் பல முடிவுகள். அடுத்தது செய்ய வந்தபோது எதை உண்மையென்று எடுப்பது என்ற கேள்வி வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது, காலம் அன்றைக்கு உடைந்துபோனது என்று கதைக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். துணிச்சல். நின்டெண்டோ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஆறு தானாகக் கூடாது, ஒரு காரணம் வேண்டும். காரணம் திரைக்கு வரும்வரை இது என் கணக்கில் திண்ணைப் பேச்சு.

'ஏஜ் ஒஃப் கலாமிட்டி' கிளையா, ஏமாற்றா?
– டிக்கோயா

இரண்டும். ப்ரெத் ஒஃப் த வைல்டுக்கு நூறு வருஷத்துக்கு முந்திய அழிவைக் காட்டப்போவதாகச் சொல்லி 2020இல் விற்றார்கள். ஒரு குட்டி இயந்திரம் பின்னோக்கிப் போய் எல்லோரையும் காப்பாற்றுகிற வேறு கிளை என்று ஆடும்போதுதான் தெரிந்தது. செத்தவர்கள் பிழைத்ததில் சந்தோஷம், சாவைப் பார்க்க மனசைத் தயார்பண்ணிக்கொண்டு போனவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' கேமில் ராவ்ரூ முதல் அரசன் என்கிறார்கள். அப்படியானால் பழைய கேம் எல்லாம் பொய்யா அண்ணே?
– கராஜ் வேலை, பொகவந்தலாவை

2023 மே மாதம் வந்த கேம் இது. செல்டா பழங்காலத்துக்கு விழுந்துவிடுகிறாள், அங்கே ராவ்ரூவும் சோனியாவும் ஹைரூலை அப்போதுதான் நிறுவியிருக்கிறார்கள். கனன்டோர்ஃப் வருகிறான், போர் நடக்கிறது, அந்தப் போருக்கு 1991 கேமில் வந்த அதே பெயர். ஆனால் நிகழ்ச்சிகள் ஒத்துப்போகவில்லை.

தம்பி, உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். பழைய வேனுக்கு என்ஜின் மாற்றி, பாடி அடித்து, பெயின்ட் பூசி, அதே பெயரை முன்னால் எழுதி ரோட்டில் விட்டால் அது பழைய வேனா, புதுசா? ஹைரூல் ஒருமுறை அழிந்து, வெகுகாலம் கழித்து அதே பெயரில் மறுபடி நிறுவப்பட்டது, ராவ்ரூ அந்த இரண்டாவது ஹைரூலின் முதல் அரசன் என்பது ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டத்தின் கட்சி. இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியும் ஒரு பேட்டியில், அந்த நிறுவலுக்கு முன்னால் ஒருமுறை அழிவு நடந்திருக்கவும் இடமுண்டு என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார். உறுதி சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. எனக்கு இந்தக் கட்சி பிடிக்கும், பழைய கேம் எதையும் பொய்யாக்கத் தேவையில்லாததால்.

இந்தக் கேமில் கிளையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாளைச் சரியாக்குவதற்காகச் செல்டா மந்திரக்கல்லை விழுங்கி டிராகனாகிறாள், தன்னை மறந்து எத்தனையோ காலம் வானத்தில் சுற்றுகிறாள், வாள் அவள் தலையில் குத்தி நிற்கிறது, லிங்க் வந்து எடுக்கிறான். போனவள் போன கோட்டிலேயே நடந்து திரும்பி வந்துவிட்டாள். புயல் பாட்டு மாதிரி வளையம், ஆனால் வலிக்கிற வளையம். "அப்படியானால் முந்திய கேமில் அந்த டிராகன் ஏன் வானத்தில் இல்லை?" என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். முந்திய கேம் செய்யும்போது அது யார் மனசிலும் இருந்திருக்காது என்பதுதான் என் பதில்.

எல்லாம் கர்ணபரம்பரைக் கதை, பெயரிலேயே 'லெஜண்ட்' இருக்கிறது. வரிசைப்படுத்துவதே வீண்வேலை. சரியா?
– கொட்டகலை

பாதி சரி. நம் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து நடக்கிறது. இந்தத் தோட்டத்தில் ஒரு மாதிரி, பக்கத்துத் தோட்டத்தில் வேறு மாதிரி. ஒருவர் வாத்தியாரிடம் கற்றது, ஒருவர் அப்பாவின் நோட்டிலிருந்து எடுத்தது. மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள், அது மட்டும் மாறாது. செல்டாவையும் அப்படிப் பார்க்கலாம், ஒரே கதையைப் பல வாய் சொல்கிறது என்று.

ஆனால் வீண்வேலை என்று சொல்லாதீர்கள். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி கட்டி விடிய விடிய லாவணி பாடியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு, டேப் என்கிற பறையைத் தட்டித் தட்டி. எதிர்க்கட்சிக்காரர் நல்ல அடி ஒன்று எடுத்துப் போட்டால் நம் கட்சிக்காரரே தலையாட்டுவார். அவர்கள் யாரும் மன்மதனின் மரணச் சான்றிதழைக் கேட்டுப் பாடவில்லை.

நான் ஒக்கரினா முடிவை ஆடிக்கொண்டிருந்தபோது அப்பாயி பின்னால் உட்கார்ந்து பார்த்தார். "அந்தப் புள்ள அவன அனுப்பிட்டு அங்கனேயே நிக்குதே, அது பெறகு என்னாச்சு?" என்று கேட்டார். அப்பாயியின் அக்கா குடும்பம் ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போய்விட்டது, இப்போது கோத்தகிரிப் பக்கம். எனக்குப் பதில் தெரியவில்லை.
– நோர்வூட்

உங்கள் அப்பாயி கேட்டதைத்தான் ரசிகர்களில் பலர் கேட்க மறந்துவிட்டார்கள். எல்லோரும் லிங்கின் பின்னால் போனோம். கிளை என்றால் போனவனுக்கு மட்டுமா, நின்றவளுக்கும்தானே.

1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் நம் மலையகத் தமிழரில் 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் வீட்டிலும் தாத்தாவின் தம்பி போனார். தலைமன்னார் ரயிலில் ஏறும்போது வாங்கிய ஒரு பித்தளைச் செம்பு இங்கே இருக்கிறது, ஜோடிச் செம்பு அங்கே. இரண்டு பக்கமும் தேயிலைதான், இரண்டு பக்கமும் குளிர்தான், பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு தமிழ் பேசுகிறார்கள். இங்கே நான் 'தேத்தண்ணி' என்றால் அங்கே சித்தப்பா மகன் சிரிக்கிறான்.

பெரிய செல்டாவைப் பற்றிக் கேம் அதற்குமேல் ஒன்றும் காட்டவில்லை. விண்ட் வேக்கரில் டெட்ரா என்று ஒரு கடற்கொள்ளைக்காரப் பெண் வருகிறாள், ஹைரூல் அரச பரம்பரையில் கடைசிப் பெண். ஆக, செல்டா அங்கேயே இருந்திருக்கிறாள், அவள் வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது, வம்சம் ஓடியிருக்கிறது. லிங்குக்கு அது தெரியவே தெரியாது. அப்பாயியிடம் அதைச் சொல்லுங்கள். முடிந்தால் விண்ட் வேக்கரின் ஆரம்பப் படச்சுருளைப் போட்டுக் காட்டி, எழுத்தை நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. டெட்ராவை அவருக்குப் பிடிக்கும், நன்றாக அதட்டுவாள்.

எங்கள் வீட்டில் கேம் மெஷின் இல்லை. யூடியூப்பில்தான் பார்க்கிறேன், அதுவும் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். எந்த வரிசையில் பார்ப்பது?
– ஓ.எல். மாணவி, லிந்துலை

தங்கச்சி, கிளை வரிசையில் பார்க்காதே, தலை சுற்றும். வந்த வருஷ வரிசையிலும் வேண்டாம், முதல் இரண்டும் பார்க்கிறவருக்கு அலுப்பு. ஒக்கரினா, விண்ட் வேக்கர், ட்வைலைட் பிரின்சஸ், இந்த மூன்றையும் இதே வரிசையில் பார். அப்புறம் எந்தக் கட்சி என்று முடிவுசெய்து எனக்கு எழுது. பரீட்சைக்குப் பிறகு எழுதினால் போதும். மழை நாளில் பாறை மேல் ஏறாதே, அட்டை கடிக்கும்.